எனக்கு அருகில்

இந்த சீட்டு காலிதானுங்களே சார்? நன்றிங்க. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு வெளிய பார்க்க ஒண்ணுமில்ல. பெருந்துறை வரும்போது மட்டும் கொஞ்சம் குனிஞ்சு உக்காருவேன், தப்பா நினைக்காதீங்க. அது நம்ம ஊருங்க.

நீங்க எதுவரைக்குங்க? சங்ககிரியா? அட, எங்க சித்தி அந்த ஊர்லதான் வாக்கப்பட்டுது. எந்தப் பக்கம்? மேட்டுத்தெரு. தண்ணித்தொட்டிக்கு எதிர்ல. பச்சை கேட்டு. நம்பரு? பதினாலு. பார்த்திருக்கேன் சார், பார்த்திருக்கேன், அந்த வழியாத்தான் சித்தி வீட்டுக்குப் போவோம். வீட்ல யாரெல்லாம் இருக்காங்க? ஐயோ, வீட்டம்மா தவறிட்டாங்களா. பொண்ணு ஓசூர்லயா. அப்ப தனியாத்தான் இருக்கீங்க. போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவருங்களா! அதான் பார்த்தேன். நான் எதுவரைக்கும்னு கேட்டதுக்கு, கதவு நம்பரோட விலாசம் சொன்னவரு நீங்க ஒருத்தர்தான்.

இருங்க, போன் அடிக்குது. இல்லீங்க, எடுக்க மாட்டேன். இது என் போன்தான், ஆனா எனக்கு வர்ற போன் இல்ல. புரியலீங்களா? சங்ககிரி வர்றதுக்குள்ள புரிஞ்சுடும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி சார். ஆபீஸ் வேலை ஒண்ணை போன்லயே முடிக்கணும், வேற நம்பர் ஒண்ணு கேக்குது. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். உங்க நம்பர் சொல்றீங்களா? ஆறு எண்ணு மெசேஜ்ல வரும், அதைப் படிச்சுச் சொன்னாப் போதும். ஐயோ, இல்லீங்க. பேங்க்காரன் யாருக்கும் சொல்லாதேன்னு சொல்றானே, அந்த ஓடிபி இல்ல இது. எங்க குலசாமி மேல ஆணையா உங்க காசு அஞ்சு பைசா போகாது. வந்துடுச்சுங்களா? கண்ணாடி போட்டுக்கிட்டே சொல்லுங்க, அவசரமில்ல. ஏழு... ரெண்டு ரெண்டு... ஒன்பது... நாலு, ஆறு. ஆச்சுங்க. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு வந்துடுச்சு. ஒரு மணி நேரம் ஆகலாம், ரெண்டு மணி நேரமும் ஆகலாம். நடுவுல நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்னா இதுக்காகத்தான். ரொம்ப நல்லவருங்க நீங்க.

என் பேரு சென்னியப்பன். ஆபீஸ்ல சென்னி. என் தொழில் என்னன்னு எங்க மாமனாருக்கே இன்னும் புரியல, கல்யாணப் பத்திரிகையில சும்மா 'கம்ப்யூட்டர்'னு போட்டுட்டாரு. நான் என்ன பண்றேன்னா சார், நீங்க போன்ல எதையாவது தேடினா வரிசையா பத்து வருதில்லீங்களா, அந்தப் பத்துல யாரு முதல்ல வரணும்ங்கறது என் வேலை. காசு கட்டி விளம்பரம்னு போட்டு வர்றது வேற, அதை எவன் வேணாலும் பண்ணலாம். நான் பண்றது, தானா வந்த மாதிரி வர வைக்கறது. அதுலயும் பைனான்ஸ் கம்பெனின்னா கோயமுத்தூர்ல என்னைத்தான் கேப்பாங்க. கேட்டாங்க. இப்ப யாரும் கேக்கறதில்ல, அதை விடுங்க. மத்த கடை முதல்ல வந்தா வியாபாரம் நடக்கும். பைனான்ஸ் முதல்ல வந்தா நம்பிக்கையே வந்துடும். முதல்ல இருக்கறவன் ஓடிப்போக மாட்டான்னு ஜனங்களுக்கு ஒரு நினைப்பு.

நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன் சார். நானேதான், யாரும் சொல்லித் தரல. ஜனங்க என்னென்ன தட்டித் தேடறாங்கன்னு மாசா மாசம் எங்களுக்குப் பட்டியல் வரும். அதை நான் நாவல் படிக்கற மாதிரி உக்காந்து படிப்பேன். 'அதிக வட்டி'ன்னு தட்டறவன் இருக்கானே, அவன் ஆசைக்காரன். நாலு கம்பெனியைப் பார்ப்பான், கணக்குப் போடுவான், கடைசியில வரவே மாட்டான். ஆனா 'டெபாசிட் எனக்கு அருகில்'னு தட்டறாங்க பாருங்க, அவங்க தனி. வட்டி எவ்வளவுன்னே பார்க்க மாட்டாங்க. அவங்க பயந்தவங்க. கைக்கெட்டற தூரத்துல இருந்தா, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனாலும் நேர்ல போய்க் கேட்டுக்கலாம்னு நினைக்கறவங்க. 'அருகில்'ங்கற அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் சார் நான் செந்தளிரைத் தூக்கி நிறுத்தினேன்.

செந்தளிர் நிதி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, நீங்கதான் போஸ்ட் ஆபீஸ்காரராச்சே. கோயமுத்தூர்ல ஒரே ஒரு ஆபீஸ், அதுவும் மாடியில, கீழ பேட்டரிக் கடை. வேற எங்கயும் ஒரு நாற்காலி கூடக் கிடையாது. ஆனா மேப்புல பதினோரு ஊர்ல கிளை இருந்துச்சு. அந்தச் சிவப்புப் பொட்டு இருக்குமே, அதை நாங்க பின்னுன்னு சொல்லுவோம். பதினோரு பின். யாரு எங்கேர்ந்து 'அருகில்'னு தேடினாலும் அவங்களுக்குப் பக்கத்துல நாங்க ஒண்ணு நிப்போம். இந்த யோசனை என்னுதுங்க. செந்தளிரை நடத்தினதும் எங்க ஆபீஸ் முதலாளி தாமோதரன்தான், அவன் அதை மீட்டிங்குல தன்னுதுன்னு சொல்லிக்கிட்டான். என் பேரை வாயால கூடச் சொல்லல. அது எனக்கு இன்னிக்கும் ஆறாத வருத்தம்.

பின் வைக்கணும்னா ஒரு இடம் வேணும், ஒரு நம்பர் வேணும். ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்க வீட்டையெல்லாம் எடுத்துக்கிட்டோம். பெருந்துறைக்கு என் வீடு. கேட்டுல செந்தளிர்னு ஒரு பிளெக்ஸ் கட்டினோம், வீடியோ எடுத்து மேப்புக் கம்பெனிக்கு அனுப்பினோம், அவுத்துட்டோம். ரெண்டு நிமிஷ வேலை. அந்த பிளெக்ஸைத்தான் என் வீட்டுக்காரி கோகிலா வாஷிங் மெஷினுக்குப் போர்த்தி வெச்சிருக்கா. அப்ப தாமோதரன், 'சென்னி, உன் நம்பரைக் கொடு, மெசேஜ்ல ஆறு எண்ணு கோடு வரும், படிச்சுச் சொல்லு, அவ்வளவுதான்'னான். நானும் சொன்னேன். கூட இருக்கறவனை நம்பாம எப்படிங்க? அன்னியிலேர்ந்து செந்தளிர் பெருந்துறைக் கிளைன்னா என் நம்பர், என் வீடு. விவரம் தெரியாம நம்பரைச் சொன்னவன் தலையில இப்படிக் கட்டிவிடறது எவ்வளவு பெரிய துரோகம், நீங்களே சொல்லுங்க.

என்னங்க சார், அப்படித் திரும்பிப் பார்க்கறீங்க? தண்ணி வேணுங்களா? விஜயமங்கலம் டோல்கேட்டு வந்துடுச்சு, இனிக் காத்து வரும்.

பின்னை வெச்சாப் போதாது சார், அதுக்கு உயிர் கொடுக்கணும். விமர்சனம் எழுதணும். பெருந்துறைக் கிளைக்கு மட்டும் நூத்தித் தொண்ணூறு எழுதினேன், அத்தனையும் நான் ஒருத்தன். வாத்தியாரா எழுதுவேன், மளிகைக் கடைக்காரரா எழுதுவேன், பேரனை விட்டு எழுதச் சொன்ன ஆயாவா எழுதுவேன், எழுத்துப் பிழையோட. எல்லாத்துக்கும் அஞ்சு ஸ்டார் போட்டா எவனும் நம்ப மாட்டான். அங்கங்க ஒரு குறை வைக்கணும், அதுலதான் சூட்சுமமே. 'வண்டி நிறுத்த இடம் இல்லை.' 'ஏசி ரொம்பக் குளிருது, வயசானவங்க துண்டு எடுத்துப் போகவும்.' இல்லாத ஆபீஸுக்கு ஏசி குளிருதுன்னு குறை சொன்னேன் பாருங்க, அதைப் படிச்சுட்டு தாமோதரனே எந்திரிச்சு நின்னு கை குடுத்தான். 'உட்கார இடம் உண்டா'ன்னு நானே கேள்வி கேட்டு, 'உண்டு, குடிக்க சுடுதண்ணியும் உண்டு'ன்னு நானே பதில் போட்டேன்.

இப்ப அடிக்கறதும் அதே போன்தான். விட்டுடுங்க, தானா நிக்கும்.

ஆவணி கடைசியில ஒரு நாள் செந்தளிர் மாடிக் கதவு தொறக்கல. தாமோதரன் போன் பண்ணி, 'ஒரு வாரம் சமாளி சென்னி, யாரு கேட்டாலும் சர்வர் வேலை நடக்குது, திங்கக்கிழமை வாங்கன்னு சொல்லு'ன்னான். மறுநாள் அவன் போனும் அணைஞ்சுடுச்சு. எனக்கும் மூணு மாசமா சம்பளம் இல்ல சார், நானும் ஏமாந்தவன்தான். அதை யாரும் நினைச்சுப் பார்க்கறதில்ல. மத்த பத்துப் பின்னும் ஜனங்க புகார் பண்ணிப் பண்ணி ஒவ்வொண்ணா விழுந்துடுச்சு. என்னோடது மட்டும் விழல. நூத்தித் தொண்ணூறு விமர்சனம்ங்க, எப்படி விழும்? வேலையை அவ்வளவு திருத்தமா பண்ணி வெச்சிருக்கேன். செந்தளிர்னு எங்கேர்ந்து தேடினாலும் முதல்ல என் வீடு வந்துச்சு. வருத்தம் ஒரு பக்கம், சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு பக்கம் பெருமையாவும் இருந்துச்சு.

எடுத்துத் தொலைச்சுட வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. எடுக்க முடியாதுங்க. முழு உரிமை தாமோதரன்கிட்ட, எனக்கு நம்பரும் இடமும் மாத்தற உரிமை மட்டும்தான். 'நிரந்தரமா மூடப்பட்டது'ன்னு யாரு வேணாலும் எழுதிப் போடலாம், நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். மூணே நாள்ல மாறிடுச்சு. யாரு மாத்தினாங்கறீங்க? டெபாசிட் போட்டவங்களேதான். 'இல்லை, திறந்துதான் இருக்கு, போன் எடுத்துப் பேசறாங்க'ன்னு ஆளுக்காளு எழுதி, தொறந்திருக்குன்னே ஆக்கிட்டாங்க. நான் மூடினதை அவங்க தொறந்து வெச்சுட்டாங்க சார்.

நம்பரைத் தூக்கிப் போட்டுடலாம்தான். ஆதாரு, பேங்க்கு, கேஸு எல்லாம் அந்த நம்பர்லதானுங்களே இருக்கு. புது வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் அதுலதான். அதனால எடுத்துப் பேசினேன். ஒரு நாளைக்கு எண்பது போன் வரும். 'வணக்கம், செந்தளிர்'னு சொல்லுவேன், 'திங்கக்கிழமை வாங்க'ன்னு சொல்லுவேன், வெச்சுடுவாங்க. ஒரு ஆறுதல்தானுங்களே? யாருமே எடுக்காம இருக்கறதுக்கு ஒருத்தன் எடுத்துப் பேசறது மேல் இல்லீங்களா? அப்படியே வாய்க்குப் பழகிடுச்சு. கோகிலா கூப்பிட்டாலும் 'வணக்கம், செந்தளிர்'னுதான் வருது. அதுக்கே ஒரு நாள் சண்டை போட்டு அழுதா. இப்ப அவங்க அம்மா வீட்ல இருக்கா.

போலீஸா? போலீஸ்ல போய் என்னன்னு சொல்றது? அந்த நூத்தித் தொண்ணூறையும் எழுதினது யாருன்னு முதல் கேள்வி கேட்பாங்க.

பெருந்துறை வந்துடுச்சு. கொஞ்சம் குனிஞ்சுக்கறேன் சார். அந்த மேம்பாலம் தாண்டினதும் சொல்லுங்க. தாண்டிடுச்சா? பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகலையே? போகாது, இது பைபாஸ் வண்டிதான், கேட்டுட்டுத்தான் ஏறினேன். இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு. பரவாயில்ல.

அந்த எண்பது பேர்ல ஒருத்தர், அந்தியூர்ப் பக்கம், மயிலாத்தான்னு ஒரு அம்மா. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கிப் போட்டு ரிட்டயர் ஆனது. கடைசியா கையில வந்த பணத்தை அப்படியே செந்தளிர்ல போட்டுடுச்சு. பேரன்தான் போன்ல தேடிக் கொடுத்திருக்கான், 'எனக்கு அருகில்'னு. பெருந்துறையைக் காட்டியிருக்கு. அதாவது என்னைக் காட்டியிருக்கு. பணத்தையும் பேரனே போன்லயே கட்டிட்டான். தினம் காலையில பதினோரு மணிக்கு அந்தம்மா போன் வரும். 'ஏங்கண்ணு, இன்னிக்குத் தொறப்பீங்களா?'ங்கும். 'இல்லீங்கம்மா, திங்கக்கிழமை'ம்பேன். 'செரி கண்ணு. சாப்பிட்டயா?'ன்னு கேக்கும். மத்தவங்கெல்லாம் என்னைப் பெத்தவளைத் திட்டுவாங்க, இந்தம்மா சாப்பிட்டயான்னு கேக்கும். மழைக்கு முன்னாடி வீட்டுக்கு ஓடு மாத்தணும், அதுக்குத்தான் பணம் வேணும்னு ஒரு நாள் சொல்லுச்சு. எந்தத் திங்கக்கிழமைன்னு அதுவும் கேக்கல, நானும் சொல்லல. சத்தியமா சொல்றேன் சார், பதினோரு மணி ஆனா அந்தப் போனுக்காக நானே காத்திருப்பேன். எனக்கு அந்தம்மா மேல பிரியம்தான் இருந்துச்சு.

ஒன்பது நாளைக்கு முன்னாடி, சனிக்கிழமை. 'கண்ணு, திங்கக்கிழமை நானே நேர்ல வந்துடறேன். எங்க பேரன் போன்ல படிச்சுக் காட்டினான், உங்க ஆபீஸ்ல ஏசி அப்படிக் குளிருமாமே, துண்டு எடுத்துட்டு வர்றேன்'னுச்சு. நான் என்ன சொல்றதுங்க? 'வாங்கம்மா'ன்னேன். நிஜமாவே வரும்னு நான் நினைக்கல. அந்தியூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறணும்.

வந்துடுச்சு சார்.

திங்கக்கிழமை பத்தரை மணிக்கு ஜன்னல் வழியாப் பார்க்கறேன், எங்க கேட்டுக்கு முன்னாடி வெள்ளைச் சீலையில ஒரு அம்மா நிக்குது. கையில வயர் கூடை, தோள்ல ஒரு துண்டு, மடிப்புக் கலையாம. கேட்டைப் பார்க்குது, தெருவைப் பார்க்குது, போனைப் பார்க்குது. ஆபீஸ் எங்கன்னு யாரையோ கேக்குது. வெயில்னா அன்னிக்கு அப்படி வெயில். அந்தத் துண்டை எடுத்துத் தலையில போட்டிருக்கலாம். போடல. உள்ள போனா குளிருமேன்னு பத்திரமா வெச்சிருந்துச்சு போல.

பதினோரு மணிக்கு என் போன் அடிச்சுச்சு. என் கையிலதான் இருக்கு. ஜன்னல் தொறந்திருக்கு. சத்தம் வெளிய கேட்டிருக்கும். ஏன்னா அந்தம்மா தலையைத் தூக்கி நேரா நம்ம வீட்டைப் பார்த்துச்சு. நான் சட்டுன்னு சத்தத்தை அமுக்கிட்டேன். அது போனைக் காதுல வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தே நிக்குது, நான் திரைக்குப் பின்னாடி நிக்கறேன். கேட்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான் தூரம். 'கண்ணு, உள்ள இருக்கறயா?'ன்னு கேட்டுச்சு. அதட்டிக் கேக்கல சார். தூங்கறவனை எழுப்பற மாதிரிக் கேட்டுச்சு.

தொறந்திருந்தா என்னன்னு சொல்லியிருப்பேன், சொல்லுங்க? உள்ள கூட்டிட்டு வந்து, இதுதான் ஆபீஸ், அதோ அந்த வாஷிங் மெஷின் மேல கிடக்கறதுதான் எங்க போர்டுன்னு சொல்றதா?

நாலு மணி வரைக்கும் இருந்துச்சு. எதிர்வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சுச்சு. அப்புறம் நடந்து போயிடுச்சு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு, பொய் சொல்லல. அஞ்சரை மணிக்கு அதே நம்பர்லேர்ந்து போன். எடுக்கல. நாலு தடவை வந்துச்சு. இன்னிக்காவது திட்டப் போகுது, எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசறதுன்னு நான் எடுக்கல. கூப்பிட்டது அந்தம்மா இல்லையாம் சார். பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்தபடியே சாஞ்சிருச்சாம். பக்கத்துல இருந்தவங்க போனை எடுத்து, கடைசியா யாருக்குப் பேசியிருக்குன்னு பார்த்து என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகும்போதே போயிடுச்சாம். அறுபது தாண்டின வயசுங்க, சக்கரை கிக்கரை இருந்திருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? வெயில்ல நிக்கச் சொன்னது நானா?

பாலம் வந்துடுச்சு பாருங்க, காவிரி. தண்ணி நல்லாப் போகுது. போன் எடுத்துப் பார்த்துக்கறேன். இன்னும் இல்ல.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதே நம்பர்லேர்ந்து வந்துச்சு. எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. அம்மா நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு சந்தோஷமா எடுத்தேன். வாய்ல பழகினபடி 'வணக்கம், செந்தளிர்'னேன். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல். 'எங்கம்மா போன்ல உன் நம்பருக்கு நாப்பத்தொரு தடவை பேசியிருக்கு. நீதான் அந்தக் கண்ணா?'ன்னு கேட்டான். அவன் லாரி டிரைவரு. அம்மா போனப்ப நாக்பூர்ல சரக்கோட நின்னுக்கிட்டு இருந்திருக்கான், கொள்ளி வைக்கக்கூட நேரத்துக்கு வர முடியல. அவன்தான் நடந்ததெல்லாம் சொன்னான். எதிர்வீட்டுல தண்ணி குடிச்சது வரைக்கும் விசாரிச்சு வெச்சிருக்கான். கத்தவே இல்ல. மத்தவங்க கத்துவாங்க, கொன்னுடுவேம்பாங்க, அதெல்லாம் எனக்குப் பழக்கம். இவன் சரக்கு எங்க இறக்கணும்னு கேக்கற மாதிரிப் பேசினான். 'எந்த நாள் வந்தா உன்னைப் பார்க்கலாம்?'னான்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. 'திங்கக்கிழமை வாங்க'ன்னுட்டேன்.

'செரி'ன்னான். 'நீ வேற எங்க போனாலும் மேப்புல மாத்திப் போட்டுடு. அது எங்க காட்டுதோ அங்க வர்றேன். வட நாடு பூராவும் அதைப் பார்த்துத்தான் ஓட்டறேன், இதுவரைக்கும் என்னை ஏமாத்தினதில்ல'ன்னு சொல்லிட்டு வெச்சான்.

அன்னிக்கே கிளம்பி அவினாசியில சிநேகிதன் ரூமுக்கு வந்துட்டேன். நாலு நாளா தூக்கமில்ல. பயமா இருக்குங்க சார். கத்தற எல்லாரையும் விட, கத்தாம வெச்சானே அவன், அவனை நினைச்சாத்தான் பயமா இருக்கு. இன்னிக்குத் திங்கக்கிழமை. காலையில ஏழு மணிக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. பாருங்க, நீங்களே படிங்க. 'கிளம்பிட்டேன்.' அவ்வளவுதான்.

நான் அங்க இல்லாட்டி என்ன, கோகிலா ஒரு நாள் வீட்டுக்கு வருவாளில்லீங்களா? பின் அங்கயே இருந்தா அவன் அங்கயே வந்துட்டு இருப்பான். இவன் போனா இன்னொருத்தன். அதை அங்கேர்ந்து எடுக்க முடியாது, ஆனா நகர்த்தலாம், அதுக்கு வீடியோ கேக்க மாட்டாங்க. நகர்த்தணும்னா வேற ஒரு இடம் வேணும், நிஜமான கதவு நம்பரோட. வேற ஒரு நம்பர் வேணும், கோடு வாங்கிச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். காலையில பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒவ்வொரு வண்டியா எட்டிப் பார்த்தேன். கையில சின்னக் குழந்தை வெச்சிருந்த ஒரு அம்மா பக்கத்துல சீட்டு இருந்துச்சு, வேண்டாம்னு விட்டுட்டேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்லீங்களா.

சங்ககிரி மலை தெரியுது பாருங்க.

கேட்டீங்களா சார்? ஒண்ணும் கேக்கலையா? அதேதான் நானும் சொல்றேன். பத்து நிமிஷமா என் போன் அடிக்கவே இல்ல. இருங்க... 'உங்கள் மாற்றம் ஏற்கப்பட்டது.' அப்பாடா. முருகா.

அது உங்க போன்தானுங்க சார் அடிக்கறது.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? காசு போகாதுன்னு சொன்னேன், போகலையே. கோவிச்சுக்காதீங்க. சங்ககிரியில எனக்குச் சித்தி யாரும் இல்ல, அது ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன், தாமோதரன் எனக்கு அதைக்கூடச் சொல்லல. யோசிச்சுப் பாருங்க, உங்களை விட்டா இதுக்கு யாரு பொருத்தம்? பாஸ்புக்கைப் பிடிச்சுக்கிட்டு வர்ற ஆயாக்கள்கிட்ட முப்பது வருஷம் முகம் சுளிக்காமப் பேசினவரு நீங்க. நான் சொல்றப்ப அவங்களுக்குப் பொய்யாத் தெரிஞ்சது, நீங்க சொன்னா ஆறுதலா இருக்கும். 'வணக்கம், செந்தளிர்'னு சொல்லுங்க. திங்கக்கிழமைன்னு சொல்லுங்க, அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.

கண்டக்டர், சங்ககிரி யாரு இறங்கறதுன்னு கேட்டீங்களே, இதோ பெரியவரு இறங்கறாரு! மெதுவாங்க, படி உயரம். பையை நான் எடுத்துத் தர்றேன். சட்டையை விடுங்க சார், எல்லாரும் பார்க்கறாங்க.

அவன் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டான் சார், உங்க வயசுக்கு மரியாதை கொடுப்பான். பச்சை கேட்டு, தண்ணித்தொட்டிக்கு எதிர்ல, சரியாத்தான் போட்டிருக்கேன். அவன் வந்து கூப்பிட்டா, கேட்டை மட்டும் தொறந்துடுங்க சார். நான்தான் தொறக்கல.